பறிக்காத வரிசை

அரளியை மொட்டாகத்தான் பறிப்பார்கள். விடிவதற்கு முன் ஆரம்பித்து எட்டு மணிக்குள் மூட்டை கட்டிச் சேலத்துக்கு அனுப்பிவிட வேண்டும். விரிந்த பூவை மாலை கட்டுகிறவர் கையாலேயே ஒதுக்கித் தள்ளுவார். அதனால் பனமரத்துப்பட்டிப் பக்கத்து அரளித் தோட்டங்களில் வெயில் ஏறிய பிறகு பூ இருக்காது. பச்சை மட்டும் நிற்கும். எங்காவது ஒரு தோட்டம் சிவப்பாக இருந்தால் பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த வீட்டில் யாரோ இறந்திருக்க வேண்டும். அல்லது யாரோ எழ முடியாமல் படுத்திருக்க வேண்டும்.

குருமூர்த்தியின் தோட்டம் பிப்ரவரி மாதத்தில் ஒன்பது நாள் சிவப்பாக நின்றது. அவன் மனைவி கோகிலவாணி காய்ச்சலில் படுத்தாள். நான்காம் நாள் சேலம் ஆஸ்பத்திரியில் இறந்தாள். பத்தாம் நாள் காலையில் அவன் தனியாக இறங்கி, விரிந்ததையும் வாடியதையும் உதிர்த்துக் கீழே தள்ளினான். அதற்கே மத்தியானம் ஆகிவிட்டது.

அரை ஏக்கர். பத்தொன்பது வரிசை. கோகிலவாணி இருந்தபோது பக்கத்துத் தோட்டத்து ராசம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் வருவார்கள். இங்கே முடித்துவிட்டு எல்லாரும் ராசம்மாள் தோட்டத்துக்குப் போவார்கள். அது பெண்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. கோகிலவாணி போனதும் அந்த வட்டத்தில் அவள் இடம் போய்விட்டது. அவளுக்குப் பதிலாக அவன் போய் நிற்க முடியாது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

மகள் யாழினிக்கு எட்டு வயது. ஊர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு.

கோகிலவாணியின் அக்காள் மயிலம்மாள் பள்ளிபாளையத்தில் இருந்தாள். கணவர் பேப்பர் மில்லில் ஷிப்ட் வேலை. பையன்கள் இருவரும் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். ஆடி மாதம் வந்தபோது அவள் குழந்தையைத் தன்னிடம் விடும்படி கேட்டாள். வீட்டுக்கு எதிரிலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது, தலை வாரிவிட ஆள் இருக்கிறது என்றாள். குருமூர்த்தி எழுந்து அவளுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனான். கடைசியில் அவளே ஒரு முடிவுக்கு வந்தாள்.

"காலாண்டு லீவு உட்டதும் ஞாயித்துக்கெழம வாரேன் தம்பி. தோட்டம் தோட்டமாட்டம், ஊடு ஊடாட்டம் இருந்துச்சுன்னா நான் பேசாமத் திரும்பிப் போயிர்றேன். இல்லீன்னா புள்ளையக் கூட்டிட்டுப் போயிருவேன். அப்பறம் நீங்க ஒண்ணும் சொல்லப்படாது."

அவன் சரி என்றான். அவள் போன பிறகு இரண்டு அறைகளையும் கூட்டினான். கோகிலவாணியின் புடவைகளை மடித்துப் பெட்டியில் வைத்தான். மகள் போய்விட்டால் இந்த வீட்டில் பேசுவதற்கு ஆள் இல்லை. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

யாழினி பறிக்க வந்தது ஜூன் மாதத்தில். அவளாகத்தான் வந்தாள். அம்மா பறிக்கும்போது போட்டுக்கொள்ளும் முழுக்கைச் சட்டையை மாட்டி, கையை நான்கு மடிப்பு மடித்துவிட்டிருந்தாள். அரளிப்பால் பட்டால் தோல் எரியும் என்பதற்காக அந்தச் சட்டை. அன்றைக்கு ஒரு வரிசை பறித்தாள். ஜூலையில் நான்கு. செப்டம்பரில் தினமும் ஏழு எட்டு ஆகியிருந்தது. அவள் விரல் சின்னது. மொட்டுகளுக்கு இடையே சுலபமாக நுழைந்தது. இரண்டு பேரும் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு பக்கத்துப் பக்கத்து வரிசையில் போவார்கள். அதிகம் பேச மாட்டார்கள். எட்டு மணிக்குக் கதிர்வேலின் லோடு ஆட்டோ வரும்போது மூட்டை தயாராக இருக்கும்.

தோட்டம் பச்சையாக நின்றது. மயிலம்மாள் வருவதற்கு அவன் பயப்படவில்லை.

லீவுக்கு முந்தின வாரம், புதன்கிழமை சாயந்திரம், யாழினி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல் நின்றாள். பூவின் பாகங்கள் பாடம் நடக்கிறது என்றாள். புத்தகத்தில் செம்பருத்திப் படம் போட்டிருக்கிறது. சுகன்யா டீச்சர் சூரமங்கலத்தில் உள்ள தன் வீட்டிலிருந்து ஒரு செம்பருத்தியை டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவந்தார். இரண்டு பஸ் மாறி வருவதற்குள் அது சுருண்டுவிட்டது. பதினோரு பேருக்கு ஒரு சுருண்ட பூ. அதனால் அவரவர் வீட்டுப் பூவைக் கொண்டுவரச் சொன்னார். மறுநாள் பதினோரு பேரும் அரளி மொட்டு கொண்டுபோனார்கள். டீச்சர் ஒன்றை நகத்தால் பிரித்துப் பார்த்தார். உள்ளே ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. விரிந்த பூவை யார் கொண்டுவருவீர்கள் என்று கேட்டார். வேறு யாரும் கை தூக்கவில்லை.

"நீ தூக்கிட்டியா" என்றான் குருமூர்த்தி.

"ஆமாங்ப்பா."

பையை இறக்கிவிட்டு அவள், ஒரு வரிசையை மட்டும் விட முடியுமா என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டீச்சர் எல்லாரையும் தோட்டத்துக்கே கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

குருமூர்த்தி கணக்குப் போட்டான். வியாழன் காலையில் விட்டால் வெள்ளிக்கிழமை விரிந்து நிற்கும். வெள்ளிக்கிழமை சாயந்திரமே உதிர்த்துவிடலாம். மயிலம்மாள் வருவது ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் ஒரு அடையாளமும் இருக்காது.

"எந்த வரிசை வேணும் சாமி?"

"ரோட்டோரத்துல இருக்கறது. அங்கதாங்ப்பா எல்லாரும் நிக்க எடம் இருக்குது."

மகள் அம்மா இறந்த பிறகு அவனிடம் கேட்ட முதல் பொருள் அது.

வியாழக்கிழமை காலை ரோட்டோர வரிசையைத் தொடாமல் விட்டார்கள். ராசம்மாள் வேலி ஓரமாக வந்து எட்டிப் பார்த்தாள். ஒரு வரிசை மறந்துவிட்டதா, உடம்புக்கு என்ன என்று கேட்டாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த விட்டிருக்கிறேன் என்று அவன் சொன்னான்.

"அரளியில என்னங்க பாடம்? நாப்பது வருசமா இதுக்குள்ளயேதான் நிக்கறேன். எனக்கு ஒரு பாடமும் ஏறலியே."

அவளோடு இருந்த பெண்கள் சிரித்தார்கள். குருமூர்த்தியும் சிரித்தான். அவர்கள் தங்கள் வரிசைக்குத் திரும்பிய பிறகும் சிரிப்பு கேட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை நாலரைக்கு அவன் யாழினியை எழுப்பினான். அவள் உடனே எழுந்துவிட்டாள். அன்றைக்கு அவன் சீக்கிரம் நிறுத்திக்கொண்டு வரப்பைச் செதுக்க வேண்டியிருந்தது. பதினோரு பேர் நிற்க வேண்டும். கை கழுவ ஒரு டிரம் தண்ணீர், சோப்பு எல்லாம் வைக்க வேண்டும். அதனால் அவள் ஒன்பது வரிசை பறித்தாள். ஓடி ஓடிப் பறித்தாள். எட்டு மணிக்குக் கதிர்வேல் மூட்டையைத் தூக்கி ஏற்றும்போது ரோட்டோர வரிசையைப் பார்த்தான். அவனிடமும் குருமூர்த்தி பள்ளிக்கூடம் என்று சொன்னான்.

யாழினி முகம் கழுவி, சீருடை மாற்றி, பள்ளிக்குப் போனாள். பத்து மணிக்கு வகுப்போடு திரும்பி வந்தாள்.

சுகன்யா டீச்சருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் புத்தகமும் பாதி பிளேடும் ஒரு ஊசியும் வைத்திருந்தார். பிள்ளைகளை வரப்பில் வரிசையாக நிற்க வைத்தார். அரளிப்பால் விஷம், யாரும் தொடக்கூடாது, கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள் என்றார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"நாங்க தெனமும் தொடறோமுங்க டீச்சர். நீங்கதான் பாத்து இருக்கோணும்" என்றான் சென்றாயன் என்கிற பையன்.

டீச்சரும் சிரித்தார். இருந்தாலும் கையைக் கட்டச் சொன்னார். கட்டினார்கள்.

வரிசை முழுவதும் சிவந்திருந்தது. குருமூர்த்தி தள்ளி நின்றான். சென்றாயன் செடியைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் வேஸ்ட் பூ என்றான். இன்னொரு பிள்ளை ஆமாம் என்றது. டீச்சர் அவர்களிடம், நீங்கள் தினமும் பறிப்பது மொட்டு, பூ என்பது இதுதான் என்றார். பிள்ளைகள் அதை ஏற்றுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

பூ எதற்கு என்று டீச்சர் கேட்டார். சாமிக்கு என்றது ஒரு குரல். மாலைக்கு. மார்க்கெட்டுக்கு. பொணத்துக்கு என்று சென்றாயன் சொன்னதும் பக்கத்தில் நின்ற பெண் அவனைக் கிள்ளினாள்.

"சரி. செடிக்கு எதுக்கு?"

செடிக்குப் பூ எதற்கு என்பதைக் குருமூர்த்தியும் யோசித்துப் பார்த்தான்.

விதைக்கு என்று டீச்சரே சொன்னார். அந்தக் கிள்ளிய பெண் கையை அவிழ்த்துத் தூக்கினாள். அரளிக்கு ஏது விதை, குச்சியை ஒடித்துத்தானே நடுகிறோம் என்று கேட்டாள். டீச்சர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு குருமூர்த்தி பக்கம் திரும்பினார்.

"யாழினியப்பா, அரளி காய்ச்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

அவன் பார்த்திருந்தான். ஏரிக்குப் போகிற வழியில் பொன்னன் என்பவரின் தோட்டம் இருந்தது. அவர் இறந்த வருஷம் பிள்ளைகள் வெளியூரிலிருந்து வரவில்லை. செடி தன்பாட்டுக்கு விரிந்து, உதிர்ந்து, சில கிளைகளில் விரல் நீளத்துக்குக் காய் பிடித்திருந்தது. வெயிலில் வெடித்தபோது உள்ளே பழுப்பு நிறத்தில் முடி முடியாக ஏதோ இருந்தது. அப்போது அவனுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"பாத்திருக்கறனுங்க. நீட்டமா இருக்கும். பறிக்காம உட்டாத்தான் வரும்."

"கேட்டீங்களா" என்றார் டீச்சர். "விட்டா வரும். நீங்க விடறதில்ல."

பிறகு அவர் ஒரு பூவைக் காம்போடு கிள்ளினார். வெளியே, அடியில், சின்னதாக ஐந்து பச்சை இதழ். புல்லி இதழ். பூ மொட்டாக இருந்தபோது மூடிக்கொண்டிருந்தது அதுதான். பிள்ளைகள் எண்ணினார்கள். அதற்கு மேல் சிவப்பாக ஐந்து. அல்லி இதழ். அவை அடியில் ஒட்டிக் குழல் மாதிரி ஆகியிருந்தன. அரளியில் மற்றதெல்லாம் இந்தக் குழலுக்குள் ஒளிந்திருக்கிறது, செம்பருத்தி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்காது என்றார். பிளேடால் குழலை நீளமாகக் கீறி விரித்தார். பிள்ளைகள் குனிந்தார்கள். குருமூர்த்தியும் ஓரடி முன்னால் வந்தான்.

அவன் பதினாறு வயதிலிருந்து அரளி பறிக்கிறான். உள்ளே இப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. மஞ்சளாக ஐந்து முனைகள், அம்பு மாதிரி. ஒவ்வொன்றின் தலையிலும் மெல்லிய முடி. ஐந்து முடிகளும் ஒன்றாக முறுக்கிக்கொண்டு நின்றன. மகரந்தத்தாள் என்றார் டீச்சர். பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். அந்த முறுக்கை ஊசியால் விலக்கினார். அதற்கும் அடியில், காம்பை ஒட்டி, கடுகை விடக் கொஞ்சம் பெரிதாகப் பச்சையாக ஒன்று இருந்தது.

"இது சூலகம். விதை இதுக்குள்ளதான் உண்டாகும். யாழினி, இதுக்கு என்ன பேரு சொன்னேன்?"

பதில் இல்லை. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள்.

"தூங்கறா டீச்சர்" என்றான் சென்றாயன்.

அவள் வரப்பின் கடைசியில் டிரம்மில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கை இரண்டையும் டீச்சர் சொன்னபடி பின்னால் கட்டியிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் கேட்ட வரிசை அவளுக்கு இரண்டடி முன்னால் நின்றது.

குருமூர்த்தி எழுப்பப் போனான். டீச்சர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். மற்றப் பிள்ளைகளிடம் கை கழுவச் சொல்லிவிட்டு அவனைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்திப் பேசினார். யாழினி தினமும் பத்தரை பதினொன்றுக்குள் தூங்கிவிடுகிறாள். முதலில் எழுப்பிப் பார்த்தேன். இப்போது எழுப்புவதில்லை. கணக்குப் பாடம் மத்தியானம் இருப்பதால் அதை மட்டும் செய்கிறாள். விரல் இடுக்கில் எல்லாம் புண் இருக்கிறது, மருந்து போடுங்கள். அவர் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. சரிங்க என்றான்.

பிள்ளைகள் கிளம்பும் சத்தத்தில் யாழினி விழித்துக்கொண்டாள். பாடம் முடிந்துவிட்டதா என்று கேட்டாள். முடிந்தது என்றார்கள். அவள் வரிசையை ஒரு முறை பார்த்துவிட்டு, ஓடிப் போய்க் கடைசி ஆளாக நடந்தாள். அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வெயில் ஏறியது. குருமூர்த்தி வரப்பிலேயே உட்கார்ந்திருந்தான். ஒன்பது வரிசை என்று நினைத்தான். அந்த எண்ணிக்கையை அதுவரை மூட்டையின் கனமாக மட்டும்தான் அவன் பார்த்திருந்தான். எழுந்து பூக்களை உதிர்க்க ஆரம்பிக்கலாம் என்று நினைத்தபோது ரோட்டில் பஸ் நின்றது.

மயிலம்மாள் இறங்கினாள். அவள் கணவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் மாற்றிப் போட்டுவிட்டார்கள். அதனால் இரண்டு நாள் முன்னால் வந்துவிட்டாள். அதை அவள் பிறகு சொன்னாள். பஸ் போன பிறகும் ரோட்டின் அந்தப் பக்கமே நின்று ரோட்டோர வரிசையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிப்ரவரி மாதத்திலும் அவள் அதே இடத்தில்தான் இறங்கினாள்.

குருமூர்த்தி எழுந்து வாங்க என்றான்.

"எத்தன நாளா இப்பிடிக் கெடக்குது?"

"ஒரு நாளுங்கக்கா."

"என்ன தம்பி, எங்கிட்டயே சொல்றீங்க. நானும் இதே ஊர்லதான பொறந்தேன்." அவள் குரல் உயரவில்லை. "பஸ்ஸுல பக்கத்துல ஒக்காந்திருந்தவங்க சொல்றாங்க, அய்யோ பாவம், யாரு ஊட்டுல என்னமோன்னு. எந்தங்கச்சி ஊடுன்னு நான் எந்த வாயில சொல்லுவேன்?"

அவன் காரணத்தைச் சொன்னான். பள்ளிக்கூடம், டீச்சர், பூவின் பாகங்கள். சொல்லச் சொல்ல அவனுக்கே அது நம்பும்படியாக இல்லை. அவள் பையைக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வரிசைகளுக்குள் நுழைந்தாள்.

கல்யாணம் ஆகும்வரை அவளும் அரளி பறித்தவள். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும். இரண்டாம் வரிசையில் கிளைகளை வளைத்து நுனியைப் பார்த்தாள். மூன்றாம் வரிசை. பிறகு நடுவில் புகுந்து பத்தாவது. ஒரு முதிர்ந்த மொட்டு மிச்சமில்லை. செடிக்கு அடியில் உதிர்ந்த பழைய பூ இல்லை. பால் இன்னும் சில காம்புகளில் காயாமல் இருந்தது. கடைசி வரிசைவரை போய் அந்தப் பக்கமாகச் சுற்றி வந்தாள். அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

திரும்பி வந்தபோது அவள் முகம் மாறியிருந்தது. வரப்பில் உட்கார்ந்தாள். அவன் சொம்பில் தண்ணீர் கொடுத்தான். பாதி குடித்துவிட்டு வைத்தாள்.

"தப்பா நெனச்சுட்டேன் தம்பி. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

பரவாயில்லை என்றான்.

"நானும் கோகிலாவும் எங்கம்மாவும், மூணு பேரு சேந்து பறிச்சாலும் எட்டு மணிக்கு மூச்சு வாங்கும். நீங்க தனியாளா நின்னு இத்தனையும் பண்றீங்க. வேற ஆம்பளையா இருந்தா இந்நேரம் நெலத்தக் குத்தகைக்கு உட்டுட்டு லாரிக்குப் போயிருப்பான்." செருப்பை இழுத்து மாட்டினாள். "புள்ள உங்ககிட்டயே இருக்கட்டும். நான் பாத்துட்டு நாளைக்கு ஊருக்குப் போறேன்."

ரோட்டில் ஒரு மணல் லாரி போனது. அவன் சும்மா இருந்தால் போதும். எல்லாம் முடிந்துவிடும். வரும் மாதங்களிலும் அவள் வந்து பார்ப்பாள். தோட்டம் பச்சையாக இருக்கும். அவளும் போய்விடுவாள்.

"தனியாள் இல்லீங்கக்கா" என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னிக்கு ஒம்பது வரிசை அவ பறிச்சது."

"இன்னிக்கு மட்டுமா?"

"தெனமும் ஏழு, எட்டு."

"எத்தன மணிக்கு எந்திரிக்கறா?"

"நாலரைக்கு."

"அவளாவா?"

"நான் எழுப்பறனுங்க."

மயிலம்மாள் சொம்பை எடுத்து மீதித் தண்ணீரைக் குடித்தாள். அவனைத் திட்டவில்லை. கோகிலாவும் அந்த வயதில் பறித்தாள் என்றோ, எல்லா வீட்டிலும் பிள்ளைகள் பறிக்கிறார்கள் என்றோ அவள் சொல்லியிருக்கலாம். அது உண்மைதான். அவள் சொல்வாள் என்று அவன் சிறிது நேரம் காத்திருந்தான்.

"நாளைக்கே கூட்டிட்டுப் போறனே" என்றாள்.

"சரிங்க."

பள்ளிச் சான்றிதழை லீவு முடிந்ததும் அவன் வாங்கி அனுப்புவது என்று பேசிக்கொண்டார்கள். அவள் வீட்டுக்குச் சமைக்கப் போனாள். அவன் ரோட்டோர வரிசையை உதிர்க்க ஆரம்பித்தான்.

சாயந்திரம் யாழினி பெரியம்மாவைப் பார்த்து ஓடி வந்தாள். மயிலம்மாள் முறுக்கும் இரண்டு கவுனும் கொண்டுவந்திருந்தாள். யாழினி கவுனைத் தன்மேல் வைத்து அளவு பார்த்தாள். விஷயத்தைத் தான்தான் சொல்ல வேண்டும் என்று குருமூர்த்தி முன்பே சொல்லியிருந்தான். மகளை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்துச் சொன்னான். பள்ளிபாளையத்தில் இருந்து படிக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை அவன் வருவான். பரீட்சை லீவில் இங்கே வரலாம்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கவுன் கையிலேயே இருந்தது.

"நான் தூங்கினேன்னு டீச்சர் சொன்னாங்களாங்ப்பா?"

"அதுக்கில்ல சாமி."

"நாளைலிருந்து நானே எந்திரிச்சுக்கறேன். நீங்க எழுப்ப வேண்டாம்."

அவன் அதுக்கில்ல என்று மறுபடியும் சொன்னான். அவள் கவுனை மடித்தாள். பிரித்தாள். திரும்ப மடித்தாள். உள்ளே மயிலம்மாள் பாத்திரம் கழுவும் சத்தம் நின்று, பிறகு தொடர்ந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் வேறு ஒன்று கேட்டாள். பூவுக்குள் கடைசியாக ஒன்று இருந்ததாமே, சென்றாயன் பேரைச் சொல்ல மாட்டேன் என்கிறான், தூங்கினவளுக்குச் சொல்லக்கூடாதாம். அது என்ன?

"சூலகம்" என்றான்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். பச்சையா, துளியூண்டு."

"அது எதுக்கு?"

"வெதைக்காம்."

அவள் புல்லி இதழ், அல்லி இதழ் என்று விரலில் எண்ண ஆரம்பித்தாள். மூன்றாவதில் நின்றாள். அவனுக்கும் மூன்றாவது உடனே வரவில்லை. மஞ்சளாக இருந்தது, முடி இருந்தது என்று சொன்னான். பேர் மட்டும் வரவில்லை. மகள் காத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளே புத்தகத்தை எடுத்துவந்து, செம்பருத்திப் படத்தில் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். மகரந்தத்தாள். இருவரும் நான்கையும் ஒரு தடவை சொன்னார்கள். அதற்குள் மயிலம்மாள் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள்.

மறுநாள் அவன் எழுந்தபோது மயிலம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள். யாழினி அவள் பக்கத்தில் போர்வைக்குள் இருந்தாள். அவன் எழுப்பவில்லை. லைட்டைத் தேடி எடுத்துச் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்தான். அவள் கண் திறந்திருந்தது. அவன் பார்க்கிறான் என்று தெரிந்ததும் மூடிக்கொண்டாள்.

எட்டு மணிக்குப் பதினோரு வரிசைதான் முடிந்திருந்தது.

பத்தரை பஸ்ஸுக்கு ரோட்டுக்கு வந்தார்கள். பையை அவன் தூக்கிக்கொண்டு வந்தான். யாழினி புதுக் கவுன் போட்டிருந்தாள். கை விரல்களில் மயிலம்மாள் தடவிய மருந்து வெள்ளையாகத் தெரிந்தது. பெரியம்மா ஒரு வார்த்தை சொன்னாள், டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கலாம் என்று. லீவுதானே என்றாள் யாழினி. பஸ் வந்ததும் அவன் பையை உள்ளே ஏற்றினான். மகள் தலையில் கை வைத்தான். கண்டக்டர் ஏறச் சொல்லி அவசரப்படுத்தினார்.

அவர்களுக்கு இடம் கிடைத்தது அந்தப் பக்கத்து ஜன்னல் ஓரத்தில். அவன் நின்ற பக்கத்திலிருந்து நிற்கிறவர்களின் முதுகுதான் தெரிந்தது. அவன் பஸ்ஸின் பின்னால் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனான். போவதற்குள் பஸ் எடுத்துவிட்டார்கள்.